வெள்ளிக்கிழமைக்கு மர்செய்யில் என்ன பெயர்?

பிரான்சின் மர்செய் நகரத்தில் மார்கழிச் சூரியன் எட்டு மணிக்குத்தான் எழுந்திருக்கிறான். புதுச்சேரிப் பஞ்சாங்கப்படி திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம். இங்கே அது இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. விடியாத நாளில் ராகுவுக்கு என்ன வேலை என்று யாரைக் கேட்பது? ஆனாலும் ஏழரைக்கு முன்பே வாசலைத் தாண்டிவிடுகிறேன். நான் வேலை செய்யும் துறைமுகக் கிடங்கு திறக்கும்வரை குளிரில் நடுங்கிக்கொண்டு நிற்கிறேன். ஊரில் இதையெல்லாம் கேலி செய்தவன் நான். ஒரு கையெழுத்து போட்டபிறகு அந்தத் துணிச்சல் போய்விட்டது.

ஐம்பத்தெட்டில், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்த மனைவி செல்வியைப் புதுச்சேரிக் கருவடிக்குப்பத்தில் விட்டுவிட்டுக் கப்பலேறினேன். ஐப்பசியில் கடிதம் வந்தது. "வெள்ளிக்கிழமை பொண்ணு பொறந்திருக்கு. மகாலட்சுமியே வந்துட்டான்னு தெருவே சொல்லுது" என்று எழுதியிருந்தாள். தமிழ்த் தேதி மட்டும்தான் இருந்தது. பஞ்சாங்கத்தில் அந்த வெள்ளிக்கிழமைக்கு நேரான இங்கிலீஷ் தேதியைப் பார்த்து, இருவரையும் இங்கே அழைத்துக்கொள்ளும் மனுவில் எழுதிக் கொடுத்தேன்.

மனு திரும்பி வந்தது. புதுச்சேரி மேரி, அதாவது நகராட்சி அலுவலகம், கொடுத்த பிறப்புச் சான்றிதழில் மறுநாள் தேதி. குழந்தை பிறந்தது விடியற்காலை நாலு மணிக்கு. பிரெஞ்சுக்காரனுக்கு நள்ளிரவு தாண்டினால் சனி, அவன் மொழியில் சம்தி; நமக்குச் சூரியன் வரும்வரை வெள்ளிதான்.

"உங்கள் மகள் இரண்டு நாள் பிறந்தாளா?" என்று கேட்டாள் இங்குள்ள அலுவலக மதாம். எங்கள் ஊரில் விடிந்தால்தான் மறுநாள் என்று தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவள் முகம் கடுகடுத்தது. சன்னலைக் காட்டி, "இங்கேயும் விடிகிறது, மொசியே" என்றாள்.

தேதியை நான் தவறாக எழுதிவிட்டேன், பிறந்தது சனிக்கிழமைதான் என்று கைப்பட எழுதித் தர வேண்டுமாம். செல்விக்கு எழுதிக் கேட்டேன். "சனின்னு மட்டும் எழுதிக் குடுத்துடாதீங்க. பொட்டப்புள்ள, நாளைக்கு ஒருத்தன் கையில புடிச்சிக் குடுக்கணும். நாங்க வராட்டியும் பரவால்ல" என்று பதில் வந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. மகளுக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, முகம்கூட எனக்குத் தெரியாது. கையெழுத்து போட்டேன். செல்வியிடம் சொல்லவில்லை.

அறுபத்தொன்றில் இருவரையும் ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தது. துறைமுக அதிகாரி காகிதக் கட்டைப் புரட்டி, திருத்தக் கடிதத்தில் விரலை வைத்தார். "குழந்தை பிறந்தது சனிக்கிழமைதானே? தாய் சொல்லட்டும்."

"என்னாங்க கேக்குறாரு?" என்றாள் செல்வி.

"பாப்பா வெள்ளிக்கெழமதான பொறந்துச்சுன்னு கேக்குறாரு."

அவள் முகம் மலர்ந்தது. "ஆமாங்க ஐயா, வெள்ளிக்கெழமதான்!" என்று அவரைப் பார்த்தே தலையாட்டினாள்.

"வுய் மொசியே, சம்தி" என்றேன் நான். முத்திரை விழுந்தது.

வெளியே காற்று ஊசியாய்க் குத்தியது. மகள் எங்கள் இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடுவில் நடந்தாள். புதுச் சொல் ஒன்று கிடைத்த குஷியில், "சம்தி, சம்தி" என்று பாடிக்கொண்டே வந்தாள்.

"அப்படின்னா என்னாங்க?" என்றாள் செல்வி.

"வெள்ளிக்கெழம" என்றேன்.