கடன் கட்டி முடித்த வீட்டை அம்மா பேருக்கு எழுதப் போன கதை

திங்கட்கிழமை. ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நகரி சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ். ஜன்னலுக்கு முன்னால் நான், அம்மா, ஒரு பச்சை ஃபைல்.

வந்த வேலை ஒன்றே ஒன்றுதான். நைனா (எங்கள் பக்கத்தில் அப்பா) பேரில் இருக்கும் வீட்டை அம்மா பேருக்கு எழுத வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை திருப்பதியில் நைனாவுக்கு இதய ஆபரேஷன். "நான் போய்ப் படுக்கறதுக்கு முன்னாடி இத்த முடிச்சிடணும். நாளைக்கு எவனாவது பங்குன்னு வந்து உங்கம்மாவ ரோட்ல நிக்க வெக்கக் கூடாது" என்று ஒரே பிடிவாதம்.

வீட்டுக்கடன் இரண்டு மாதத்துக்கு முன்பே முடிந்துவிட்டது. வங்கியிலிருந்து பத்திரமும் வந்துவிட்டது. இனி என்ன இருக்கிறது? (இப்படி நினைத்தது என் முதல் தப்பு.)

கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பேச்சு பாதி தெலுங்கு, பாதி தமிழ்.

"ஈசியில இன்னும் பேங்க் பேரு உந்தி கதம்மா, அப்படியே இருக்குதே. அடமானத்துல இருக்கிற வீட்ட எப்படி எழுதறது?"

"சார், லோன் கட்டி முடிச்சாச்சு. பத்திரம் இதோ இருக்குது பாருங்க."

"பத்திரம் வேற, ஈசி வேற. லோன் முடிஞ்ச லெட்டர் ஒரிஜினல் எடுத்துனு ரண்டி."

தெரியாதவர்களுக்கு: ஈசி என்றால் வில்லங்கச் சான்று. கடன் வாங்கும்போது, 'இந்த வீடு வங்கியிடம் அடமானம்' என்று அதில் ஏறிவிடும். கடன் தீர்ந்தால் தானாக இறங்காது. போய் இறக்க வேண்டும். இதை எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் மாநில எல்லைக்கோடு போட்டவர்கள்கூட, போட்டு முடித்ததும் இரண்டு பக்கத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லியிருப்பார்கள்!

ஃபைலைத் திறந்தேன். லெட்டரின் ஜெராக்ஸ் இருந்தது. ஒரிஜினல் இல்லை.

"மா, ஒரிஜினல் எங்க?"

அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். (கெட்ட சகுனம்.)

"அது மலையில கீது."

"எந்த மலையில?"

"நமக்கு எத்தினி மலை கீது? பெருமாளே, கடன் தீந்தா அந்தக் காயிதத்த உன் காலடியில வெக்கறேன்னு வேண்டிக்கினு இருந்தேன். போன மாசம் போனப்ப உண்டியல்ல போட்டுட்டேன்."

"ஜெராக்ஸ போட்டிருக்கலாம் இல்ல!"

"சாமிக்கு ஜெராக்ஸ் போடுவாங்களாடி?"

கிளார்க் தலையை ஆட்டினார். அவருக்கே அது நியாயமாகப் பட்டது! (ஆனால் ஒரிஜினல் வேண்டும்.)

மத்தியானமே புத்தூருக்கு பஸ் ஏறி, கடன் கொடுத்த வங்கிக்குப் போனோம். லெட்டருக்கு டூப்ளிகேட் வேண்டும் என்றேன். கவுன்டரில் இருந்த பெண் தலை நிமிராமல் சொன்னார்: "தொலைஞ்சிடுச்சின்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து ரசீது வாங்கினு வாங்க."

செவ்வாய்க்கிழமை. போலீஸ் ஸ்டேஷன். ஏட்டு பேனாவைத் திறந்தார்.

"எங்க தொலைச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "தொலைக்கல சார். உண்டியல்ல போட்டேன்."

"தெரிஞ்சேவா போட்ட?"

"ஆமா, தெரிஞ்சிதான்."

"அப்ப அது தொலைஞ்சது இல்லம்மா, குடுத்தது. இதுக்கு நான் யார் மேல கேஸ் எழுதறது? பெருமாள் மேலயா?"

ஸ்டேஷனே சிரித்தது. ஆனால் ஏட்டு நல்ல மனிதர். குரலைத் தாழ்த்தி ஒரு வழியும் சொன்னார். "பஸ்ல விழுந்துடுச்சின்னு எழுதிக் குடுங்க. சீல் போட்டுத் தந்துடறேன்."

எழுதினேன். (ஆமாம், எழுதினேன்!) கையெழுத்துக்காக அம்மாவிடம் நீட்டினேன்.

"போட மாட்டேன்."

"மா!"

"சாமிக்குக் குடுத்துட்டு பஸ்ல வுட்டுட்டேன்னு சொல்லணுமா? அங்க உங்க நைனா நெஞ்சத் தொறக்கப் போறாங்க. இங்க நான் பொய்க் கையெழுத்து போட்டுக்கினு இருக்கணுமா?"

நானே போட்டிருக்கலாம். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு எனக்கும் கை வரவில்லை.

வீட்டுக்குத் திரும்பினோம். வாசலிலேயே நைனா கேட்டார், "முடிஞ்சிச்சா?" முடிந்துவிடும் என்றேன். சாப்பிடும்போது இன்னொரு முறை கேட்டார். அதற்கும் அதே பதில்தான் இருந்தது.

புதன்கிழமை. மறுபடியும் வங்கி. போலீஸ் ரசீது இல்லாமல் டூப்ளிகேட் கிடையாது, வேண்டுமானால் மேனேஜரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்று உள்ளே அனுப்பினார்கள்.

மேனேஜர் முழுக் கதையையும் கேட்டார். பிறகு, "அது சரி, அந்த லெட்டர் உங்களுக்கு எதுக்கு?" என்றார்.

மூன்று நாளில் 'எதுக்கு' என்று கேட்ட முதல் ஆள்!

"ஈசியில இருந்து பேங்க் பேர எடுக்கணும் சார்."

"அதுக்கு லெட்டர் பத்தாதும்மா. எங்க ஆபீசரே ரிஜிஸ்டிரார் ஆபீசுக்கு வந்து அடமானத்த ரத்து பண்ணிக் கையெழுத்து போடணும். அவர் வந்துட்டா நீங்க லெட்டரே காட்ட வேணாம்."



"இத்த லோன் முடிஞ்ச அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"நீங்க கேக்கலியேம்மா!"

(கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்க மாட்டோமா!)

அம்மா மட்டும் அந்தப் பொய்யில் கையெழுத்துப் போட்டிருந்தால், டூப்ளிகேட்டை வாங்கிக்கொண்டு வெற்றியோடு ஜன்னலுக்குப் போய், திரும்பவும் முதல் படியில் நின்றிருப்போம்.

வியாழக்கிழமை ஆபீசர் வந்தார். கையெழுத்துப் போட்டார், கட்டைவிரலை வைத்தார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கிளார்க் எங்களைப் பார்த்து, "நான் மொதல்லயே இத்தான சொன்னேன்!" என்றார்.

இல்லை சார். சொல்லவில்லை!

இன்று வெள்ளிக்கிழமை. காலையில் நைனாவே ஆபீசுக்கு வந்து வீட்டை எழுதிக்கொடுத்தார். அம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரைப் போட்டாள்.

கடன் கட்டி முடித்த நண்பர்களே, பத்திரத்தை பீரோவில் வைத்துப் பூட்டியாயிற்று, சரி. ஈசி எடுத்துப் பார்த்தீர்களா?

திரும்பி வரும்போது ஆட்டோவில் நைனா அம்மாவைச் சீண்டினார். "இன்னியிலேர்ந்து நான் உன் வூட்ல குடித்தனக்காரன், தெரியுமில்ல?"

அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "தெரியும். ஆபரேஷன் முடிச்சிக்கினு ஒழுங்கா வந்து வாடகையக் குடு."