வீட்டுப் பெயர் கேட்பவர்

"உங்கட தம்பியை வீட்டில என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

புலம்பெயர்ந்து வந்த ஒடாஹுஹு ஊரின் மண்டபத்தில் கல்யாணச் சாப்பாடு. பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஆளிடம் வின்சென்ற் கேட்கிறார். கையில் பாதி வடை. அந்த ஆளின் தம்பி 2009இல் வன்னியில் ஷெல் பட்டு இறந்தவர் என்பதைப் பாயசம் வருவதற்குள் விசாரித்து முடித்துவிட்டார். இங்கிதம் என்பதை மனிதர் மன்னாரிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். நான் மதுரைக்காரன், என்னிடம் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார யோசிப்பேன்.

அறுபது தாண்டியவர். விமான நிலையத்தில் தொலைந்த பெட்டிகளைத் தேடும் பிரிவில் வேலை. ஒரே பெட்டியைக் காணோம் என்று புருஷன் ஒரு தடவை, பெண்டாட்டி ஒரு தடவை புகார் கொடுப்பார்களாம். ஒருவர் நீலம் என்பார், மற்றவர் கறுப்பு என்பார். இரண்டும் ஒன்றுதான் என்று கண்டுபிடிப்பதில் இவர் கில்லாடி. அந்தப் புத்தியை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். போரில் இறந்தவர்களின் பெயர்களைக் கம்ப்யூட்டரில் சேர்க்கிறார். சேர்ப்பதைவிட, இரண்டுதரம் வந்ததை நீக்குவதுதான் அதிக வேலை.

ஈழத்து ஆட்களுக்குப் பெயர் ஒன்றோடு நிற்பதில்லை. பள்ளிக்கூடத்தில் ஒன்று, வீட்டில் ஒன்று, வேதக்காரர் என்றால் ஞானஸ்நானப் பெயர், இயக்கத்தில் இருந்தால் இன்னொன்று. அக்கா ஒரு பெயரைச் சொல்வார், மச்சான் வேறொன்றைச் சொல்வார். இறந்தவர் ஒருவர், எழுதியதில் மூன்று பேர்.

மே மாத நினைவுநாளுக்குப் பதாகை எழுதும்போதெல்லாம் சண்டைதான். இறந்தவர் தொகை ஐ.நா. சொன்னது ஒன்று, அரசாங்கம் சொல்வது ஒன்று, சங்கத்தார் சொல்வது ஒன்று. இந்த வருடம் ஏற்பாட்டாளர் தியாகலிங்கம் கத்தியேவிட்டார்: "நீர் ஆரின்ர பக்கம் ஐசே? அரசாங்கம் குறைக்கிறது காணாதெண்டு நீரும் குறைக்கிறீர்!"

வின்சென்ற் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார்: "ஒருத்தனை ரெண்டுதரம் எழுதினதை அவங்கள் கண்டுபிடிச்சா, மிச்ச ஆக்களையும் பொய்யெண்டு சொல்லிப் போடுவாங்கள்."

தொலைந்த பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்த ஒரு வீட்டில் ஜூடித் என்ற யூதப் பெண்மணி அவருக்குச் சிநேகிதமானார். கொல்லப்பட்ட யூதர்கள் அறுபது இலட்சம் என்பதும் தலை எண்ணி வந்ததில்லை, போருக்கு முன்னும் பின்னும் எடுத்த குடிக்கணக்குகளையும் நாஜிகளின் காகிதங்களையும் ஒப்பிட்டு வந்த மதிப்பீடு என்று சொன்னவர் அவர்தான். பெயர்களை இன்னும் தேடிச் சேர்க்கிறார்களாம். ஆனால் ஜூடித்தின் அம்மாவின் ஊரிலிருந்தே நாஜிகள் பிடித்துக்கொண்டுபோன ரோமா ஜிப்ஸிகளுக்கு அப்படித் தேட ஆள் குறைவு. அவர்கள் எத்தனை பேர் என்பது இன்றும் ஆளுக்கு ஆள் மாறுகிறது.

அதைக் கேட்ட பிறகு வின்சென்ற் பிடிவாதக்காரராகிவிட்டார். பெயர் இல்லாமல் ஒருவரையும் சேர்ப்பதில்லை. எனக்கு இது பிடிக்கவே இல்லை.

"பேர் தெரியாதவங்க என்ன பாவம் பண்ணாங்க?" என்று கேட்டேன்.

"பேர் இல்லாட்டி ரெண்டுதரம் வந்ததை நான் என்னெண்டு பிடிக்கிறது?" என்றார்.

போன ஞாயிறு மத்தியானம் நான் அவர் வீட்டில் இருந்தபோது சறோஜா வந்தார். முல்லைத்தீவுக்காரி, புக்கெகோஹியில் வெங்காயம் பொதி செய்கிற வேலை. வின்சென்ற் மடிக்கணினியைத் திறந்தார்.

"பங்கருக்குள்ள பிறந்த பிள்ளை, அண்ணை. ரெண்டு கிழமைதான் இருந்தது. பெட்டை."

"பேர்?"

"வைக்கேல்லை. முப்பத்தொண்டாம் நாள் காதில மூண்டுதரம் சொல்லி வைப்பமெண்டு இருந்தனாங்கள்."

"வீட்டில என்னெண்டு கூப்பிட்டனீங்கள்?"

"'அழாதை, அழாதை' எண்டுதான் சொன்னது. சத்தம் வெளியில கேட்டிடுமெண்டு பயம். வேற ஒண்டும் கூப்பிடேல்லை."

வின்சென்றின் விரல்கள் நின்றுவிட்டன.

"அப்ப என்ர பிள்ளை கணக்கில வராதோ, அண்ணை?"

வின்சென்ற் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு, "என்ன பேர் வைக்க நினைச்சனீங்கள்?" என்று கேட்டார்.

"பிரணவி."

நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த அம்மாவின் பக்கம் காதைச் சாய்த்தார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ."

"பிரணவி."

"இன்னும் ஒருக்கா."

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எனக்கே முதல் தடவை தெளிவாகக் கேட்டிருந்தது. சறோஜா மூன்றாம் முறையும் சொன்னார். அதன் பிறகுதான் வின்சென்ற் நிமிர்ந்து, அந்தப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தார்.