கட்டைவிரல்

தூத்துக்குடியில் நான் பார்த்த அந்த டாக்டரம்மா என்னை நம்பியிருக்கக் கூடாது.

எதையும் விரல் மடக்கித்தான் கணக்குப் பார்ப்பார். பக்கவாதம் வந்த என் அப்பாவுக்கு வயது, சர்க்கரை, பிரஷர், ஸ்கேன் என்று நான்கு விரல் மடக்கிவிட்டுக் கட்டைவிரலோடு நின்றார்.

“கை எத்தன மணிக்கு விழுந்துச்சு அண்ணாச்சி? இது அடைப்பைக் கரைக்குத ஊசி. நேரம் தப்பிப் போட்டா மூளையில ரத்தம் கசிஞ்சிரும்.”

காலையிலேயே உப்பளத்தில் அப்பாவுக்குக் கை விழுந்துவிட்டது. வாயு என்று மதியம்வரை எண்ணெய் தேய்த்தவன் நான்தான். ஊசி கிடையாது என்றுவிடுவாரோ என்ற பயத்தில், “இப்பத்தான், ஒரு மணிநேரம் இருக்கும்” என்றேன்.

மறுநாள் மூளையில் ரத்தம் கசிந்து அப்பா இறந்தார்.

டாக்டரம்மா என்முன் நின்று மறுபடியும் விரல்களை மடக்கினார். “எங்க தப்புனேன்னு தெரியலையே அண்ணாச்சி.”

கட்டைவிரலும் மடங்கியது. நான் வாய் திறக்கவில்லை.

எங்கோ இன்னும் மடக்கிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.