ஏழு வண்டி, ஒரு பூவாளி

அந்த மனிதருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் முப்பத்தொரு வருடமாக எல்லோரும் அவரைப் 'பூவாளி' என்றுதான் கூப்பிட்டார்கள். ஒழுகும் கூரைகளில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்து அடைப்பது அவர் தொழில். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் பூவாளி ஒன்றைத் தூக்கிக்கொண்டு மாடியில் ஏறுவார். அடி அடியாக நகர்ந்து ஊற்றுவார். பிறகு கீழே வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். வீட்டுக்காரர் சொல்லும் ஒரு வார்த்தையையும் நம்ப மாட்டார். "போன வருஷம்தான் பூசினோம்" என்றால் "யாரு பூசினா?" என்பார். "நல்ல ஆளுங்கதான்" என்றால் "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்பார். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூடப் பின்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவார் என்று கூட வேலை செய்தவர்கள் கேலி பேசுவார்கள்.

அப்பேர்ப்பட்ட ஆள், கூரையைச் சுருட்டி மடக்கும் கார் ஒன்றை, அதுவும் பழைய காரை, வாங்கப் புறப்பட்டார் என்றால் கேட்பவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

காரணம் அவர் மனைவி. பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்த்த அந்த அம்மாளுக்கு மூடிய வண்டி எதுவும் ஆகாது. ஏறி உட்கார்ந்து கால் மணி நேரத்தில் குடலைப் பிடுங்கிக்கொண்டு வரும். எலுமிச்சம்பழம், மாத்திரை, முன்சீட்டு எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு மணி நேரத் தொலைவில் இருக்கும் மகளுக்குப் பிரசவம் என்றதும் பஸ்ஸில் ஏறினாள். ஒரு மணி நேரத்தில் மயங்கிச் சரிந்தவளைப் பாதி வழியில் இறக்கித் திருப்பி அனுப்பினார்கள். பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமலே பிரசவம் நடந்தது. ரயிலோ அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. பேத்தி பிறந்து மூன்று மாதம் ஆகியும் பாட்டி அவளைப் போன் திரையில்தான் கொஞ்சிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் தெருவில் கூரை திறந்த கார் ஒன்று போனதைப் பார்த்துவிட்டு வந்தாள்.

"என்னங்க, வீடு மாத்தினப்ப லோடு வண்டியில மெத்தை மேல உக்காந்து வந்தேனே, ஞாபகம் இருக்கா? மூணு மணி நேரம். ஒரு ஏப்பம்கூட வரல. காத்து மூஞ்சியில அடிச்சா எனக்கு ஒண்ணும் பண்ணாது."

"அதுக்காக மெத்தையக் கட்டிக்கிட்டுப் பொண்ணு வீட்டுக்குப் போறதா?"

"அந்த மாதிரி கார் பழசாக் கிடைக்குமாம். கைல இருக்கற பணத்துக்கு வாங்கலாம். வாங்கிடுங்களேன்."

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "பாத்துடலாம்" என்றார். அவர் அகராதியில் பார்ப்பது என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பார்க்கட்டும், ஏமாறாமல் வாங்கினால் சரி என்று அவளும் இருந்துவிட்டாள்.

ரெண்டு பேர் உட்காரும் சின்ன வண்டி ஒன்றுதான் அவர்கள் வசதிக்கு ஒத்துவந்தது. எந்த வருடத்து வண்டி நல்லது என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதினார். இரண்டாயிரத்து ஆறாம் வருடத்து வண்டியில் துணிக் கூரை, பின் ஜன்னல் பிளாஸ்டிக். மடக்கி மடக்கி அது மஞ்சளாகிக் கிழியும். எட்டாம் வருடத்தில் பின்ஜன்னலைக் கண்ணாடியாக்கினார்கள், ஆனால் கண்ணாடியும் துணியும் சேரும் இடத்தில் பசை விட்டுப்போகும். பத்தாம் வருடத்தில் அதைச் சரிசெய்து மோட்டாரும் வைத்தார்கள், மோட்டார் கெட்டால் கையாலும் மூடலாம். பன்னிரண்டில் துணியே போய் இரும்புக் கூரை வந்துவிட்டது. அழகுதான். ஆனால் மூன்று மோட்டாரில் ஒன்று மக்கர் செய்தாலும் அம்போ. கடைசிப் பக்கத்தில் 'பத்துதான் சரி' என்று எழுதி அடிக்கோடும் போட்டார்.

முதல் வண்டி ஆறாம் வருடத்தது. கதவைத் திறந்ததும் மல்லிகை சென்ட் வாடை ஆளைத் தூக்கியது.

"ஒரே கை வண்டி சார். லேடி டாக்டர் ஓட்டினது" என்றான் விற்பவன்.

"எதுக்கு இவ்வளவு சென்ட்டு?"

"டாக்டருக்குப் பிடிக்கும் சார்."

அவர் மண்டியிட்டு சீட்டுக்கு அடியில் கைவிட்டு விரிப்பைப் பிழிந்தார். சொதசொதவென்று தண்ணீர் வந்தது. கூரை மடங்கும் இடத்தில் மழைநீர் வடிய ரெண்டு பொடித் துளைகள் இருக்கும். இலை தழை விழுந்து அவை அடைத்துக்கொண்டால் தண்ணீர் சீட்டுக்கு அடியில்தான் போய்ச் சேரும். வாடையை மறைக்கத்தான் சென்ட். விற்பவன் திருட்டு முழி முழித்தான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டாவது, பத்தாம் வருடத்து வண்டி என்றான் தரகன். அதையும் ஒரு லேடி டாக்டர்தான் ஓட்டினாளாம். கண்ணாடிகளின் மூலையில் பொடி எழுத்தில் வருடக் குறி இருக்கும். மூன்றில் எட்டு என்று இருந்தது, வலது கதவுக் கண்ணாடியில் மட்டும் பதினொன்று. ஆக, எட்டாம் வருடத்து வண்டியை எங்கோ கொண்டுபோய் மோதி, கதவை மாற்றி, இரண்டு வருடம் கூட்டி விற்கப் பார்த்திருக்கிறான். மூன்றாவதின் இரும்புக் கூரை பாதி திறந்து, வாயைப் பிளந்தபடி நின்றுவிட்டது. அதையும் ஒரு லேடி டாக்டர்தான் ஓட்டியிருந்தாள். அந்த ஊர் லேடி டாக்டர்களெல்லாம் வைத்தியம் பார்த்தார்களா, இல்லை கார் ஓட்டிக்கொண்டே திரிந்தார்களா தெரியவில்லை.

அதுவரை அவர் சந்தேகப்பட்டதெல்லாம் நியாயம். அதற்கப்புறம்தான் கதை கொஞ்சம் கோணிக்கொண்டது. நான்காவது வண்டியைப் பார்க்கப் போனபோது பேத்தி குப்புற விழுந்துவிட்டாள். அந்த வண்டிக்காரர் கேள்விக்குப் பதில் சொல்லுமுன் இருமினாராம், அதனால் வேண்டாம். ஐந்தாவது பார்த்தபோது குழந்தை உட்கார ஆரம்பித்திருந்தாள். அதன் டயர் மூடி ஒன்று மட்டும் வேறு நிறம். ஆறாவது வண்டி பளபளவென்று இருந்தது.

"இவ்வளவு சுத்தமா இருக்கே, அதான் உதைக்குது" என்றார்.

அன்று இரவு சாப்பாட்டுக்கு அப்புறம் மனைவி அந்த நோட்டை எடுத்து முதலிலிருந்து படித்தாள். குழந்தை தவழ்ந்து கதவு வரை போய்விட்டது என்று அடுத்த வாரம் மகள் படம் அனுப்பினாள்.

ஏழாவது வண்டி நாலு தெரு தள்ளி இருந்தது. பத்தாம் வருடத்தது. விற்றவர் நிஜமாகவே ஒரு லேடி டாக்டர், பல் டாக்டரம்மா. வாசலில் பலகையே தொங்கியது. அதுவே பூவாளிக்கு மூக்கில் வியர்க்கப் போதுமானதாக இருந்தது.

"ஒருதடவை தண்ணி போற துளை அடைச்சுக்கிச்சு. இந்தப் பக்கம் விரிப்பு மாத்தினேன். பில் இருக்கு" என்று கேட்காமலே சொன்னார் டாக்டரம்மா. "மத்தபடி நல்ல வண்டி. முட்டி வலிக்குது, இவ்வளவு தாழ உக்காந்து எந்திரிக்க முடியல. அதான் குடுக்கறேன்."

கண்ணாடி நான்கிலும் ஒரே வருடம். விரிப்பு உலர்ந்திருந்தது. கூரை மோட்டாரிலும் மூடியது, கையாலும் மூடியது. பூவாளி தன் பூவாளியை நிரப்பிக்கொண்டு வந்தார். உள்ளே உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். மனைவி தானாகவே ஏறி உட்கார்ந்தாள். மூடிய கூரைக்குள், ஜன்னலும் ஏற்றிய வண்டியில், வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு. அவர் நாலு பூவாளி ஊற்றினார். மடிப்பில் ஊற்றினார், ஓரத்தில் ஊற்றினார், பின்கண்ணாடி சேரும் இடத்தில் நின்று நிதானமாக ஊற்றினார்.

"சொட்டுதா?"

"இல்ல."

"நல்லாப் பாரு."

"சொட்டலங்க."

டாக்டரம்மா துண்டு எடுத்துவர உள்ளே போனார். இவர் கதவைத் திறந்து, குரலைத் தாழ்த்தி, "சரி, இறங்கு. யோசிச்சு சொல்றோம்னு சொல்லிட்டுப் போயிடலாம்" என்றார்.

"இறங்க மாட்டேன்."

"என்ன விளையாட்டு இது? அடுத்தவங்க வண்டி."

"ஒரு குறை சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. இறங்கிடறேன்."

அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "அந்தம்மா கேக்காமலே எல்லாத்தையும் சொல்றாங்க. அதுதான் இடிக்குது" என்றார்.

அவளுக்கு முகம் வெளிறிப்போயிருந்தது. குமட்டலை அடக்கிக்கொண்டு கைப்பையிலிருந்து நோட்டை எடுத்தாள். "'பத்துதான் சரி.' இது யாரு எழுதினது? நீங்கதானே? உங்க நோட்டுல என்னென்ன கேட்டீங்களோ அத்தனையும் இந்த வண்டியில இருக்கு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "சொட்டற இடம் வேற, ஓட்டை இருக்கற இடம் வேறன்னு ஊரெல்லாம் பாடம் நடத்துவீங்களே. ஏழு கார்லயும் சொட்டுது சொட்டுதுன்னு காட்டறீங்க. ஓட்டை எங்கன்னு நான் சொல்லட்டுமா?"

அவர் கையிலிருந்த பூவாளியைக் கீழே வைத்தார்.

"மாப்பிள்ளை வீட்டு அடுக்களைக் கூரையில."

நாலு வருடத்துக்கு முன் மகள் புதுவீடு குடிபோனபோது இவர் மட்டும்தான் பஸ்ஸில் போனார். போன அன்றே திரும்பி வந்து, தலைவலி என்று படுத்துக்கொண்டார். அங்கே நடந்தது மனைவிக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தார்.

"அத்தனை பேர் முன்னாடி கூரையக் காட்டி, இது ஒரு வருஷத்துக்குள்ள ஒழுகும், ஒழுகலன்னா என் பூவாளியத் தூக்கிப் போட்டுடறேன்னு சொன்னீங்களாமே. மாப்பிள்ளை பதிலுக்கு, ஒழுகினா நான் பாத்துக்கறேன், நீங்க சாப்பிட்டுக் கிளம்புங்கன்னாராம். சாப்பிடாமலே கிளம்பிட்டீங்க. உங்க பொண்ணு அன்னிக்கே போன்ல அழுதா. நாலு வருஷம் ஆச்சு. ஒழுகியிருந்தா சொல்லியிருப்பா. ஒழுகல. அதப் பாக்க உங்களுக்குப் பயம். ஒழுகாத ஒரு கூரையப் பாக்கப் பயந்துக்கிட்டு, என் பேத்திய எனக்குக் காட்ட மாட்டேங்கறீங்க."

சொல்லி முடித்துவிட்டு, கதவுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தாள்.

அவர் ஓடிப்போய் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏழு வண்டியிலும் அடுத்தவன் பொய்யைத் தோண்டித் தோண்டி எடுத்தோமே, எல்லோரையும்விடப் பெரிய புளுகு நம்முடையதாக அல்லவா இருந்திருக்கிறது என்று நினைத்தார். டாக்டரம்மா துண்டோடு வந்தபோது, "சாவியக் குடுங்கம்மா. எடுத்துக்கறோம்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். அவள் தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடியில் ஒரு பொட்டலம் வேர்க்கடலையை வைத்துக் கொறித்துக்கொண்டே வந்தாள். வண்டியில் போகும்போது அவள் எதையும் தின்று அவர் பார்த்ததே இல்லை. கடைசி அரைமணி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அவர் கூரையை மூட ஓரம் கட்டப் போனார்.

"மூடினா எனக்கு வந்துடும். போங்க, நனைஞ்சா ஒண்ணும் கரைஞ்சுட மாட்டோம்."

"சீட்டெல்லாம் வீணாப் போயிடும்டீ!"

"போகட்டும்!"

ஊரார் கூரையெல்லாம் ஒழுகாமல் காத்த மனிதர், மகள் வீட்டு வாசலில் தொப்பலாக நனைந்து போய் இறங்கினார். மகள் சிரித்தாள், அழுதாள், ரெண்டும் சேர்ந்து வந்தது அவளுக்கு. அம்மாவுக்குத் தலை துவட்டிப் புடவை மாற்றிக் குழந்தையைக் கையில் கொடுத்தாள். எட்டு மாதப் பேத்தி புது முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள். பாட்டி வலிக்குது என்றுகூடச் சொல்லவில்லை.

அவர் கால் தானாக அடுக்களைப் பக்கம் போனது. வெளியே மழை கொட்டியது. அன்று விரல் நீட்டிக் காட்டிய அதே மூலையை அண்ணாந்து பார்த்தார். வெள்ளை வெளேரென்று, ஒரு பொட்டு ஈரம் இல்லாமல் இருந்தது.

"துடைச்சுக்குங்க மாமா." மருமகன் பின்னால் துண்டோடு நின்றார். அவரும் மேலே பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீங்க சொன்னது சரிதான் மாமா. மறுவாரமே ஆள் கூப்பிட்டு, நீங்க காட்டின இடத்துலயே பிரிச்சுப் பாத்தேன். உள்ள விரிசல் இருந்துச்சு. சரி பண்ணிட்டேன். இவகிட்டகூட சொல்லல. அன்னிக்கு அவ்வளவு பேசிட்டு, எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? நீங்க வரும்போது சொல்லிக்கலாம்னு இருந்தேன். நீங்க வரவே இல்ல."

நிஜமா, இல்லை மாமனார் மனம் நோகக்கூடாது என்று அளக்கிறாரா? முப்பத்தொரு வருடப் பழக்கம் தொண்டை வரை வந்து நின்றது. 'யாரு பூசினா?' ஒரே ஒரு கேள்வி. என்ன கலவை, எத்தனை நாள் காயவிட்டார்கள் என்று இன்னும் ரெண்டு கேட்டால் வண்டவாளம் தெரிந்துவிடும். மாடிப்படி எதிரிலேயே இருந்தது.

"மழை விட்டதும் மேல போய்ப் பாக்கலாமா மாமா? பூவாளி எடுத்துட்டு வந்திருப்பீங்களே?" என்றார் மருமகன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று.

"எதுக்கு மாப்பிள்ளை? நீங்க சொன்னா சரிதான்" என்றார்.

கூடத்தில் குழந்தையோடு இருந்த அவர் மனைவி திரும்பி, பேசுவது தன் புருஷன்தானா என்ற சந்தேகத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.