இடி தேவனின் ஒரே ஒரு வரி

என் அக்காவின் கணவர் இதுவரை எத்தனை முறை செத்திருக்கிறார் என்று கேட்டால் அவருக்கே கணக்குத் தெரியாது. மலையிலிருந்து உருண்டு செத்திருக்கிறார், பாம்பு கடித்துச் செத்திருக்கிறார், பறக்கும் கப்பல் தலையில் விழுந்தும் செத்திருக்கிறார். செத்துவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்குக் காய்கறி வாங்கிக்கொண்டு போவார்.

தொழில் அப்படி. வெளிநாட்டுப் படங்களைத் தமிழில் பேசவைக்கும் ஸ்டுடியோ எங்களுடையது. வசனம் பேசப் பேர்போன ஆட்கள் வருவார்கள், பேசுவார்கள், போய்விடுவார்கள். கத்தச் சொன்னால் மட்டும் தொண்டையைத் தடவிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். அந்தக் கத்தல், முனகல், மூச்சிரைப்பு, குத்து வாங்கும்போது வரும் 'ஹுக்' எல்லாம் அத்தானுடைய இலாகா. ஸ்டுடியோவில் அவரைச் சத்தக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் அங்கே ஒலிப்பதிவு செய்கிறவன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, சொந்த அத்தானை 'இன்னும் கொஞ்சம் வலியோட' என்று வதைப்பதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

வீட்டில் அவர் பேசுவது கிசுகிசுப்பு மட்டும். தொண்டையைக் காப்பாற்ற வேண்டுமாம். சாப்பிடக் கூப்பிட்டால் தலையாட்டுவார், அதிகம் போனால் "ம்". அக்கா அவரை முதன்முதலில் பார்த்தபோதே அப்படித்தான் பேசினாராம். "ரொம்ப அடக்கமானவர்னு நினைச்சு ஏமாந்துட்டேன்டா" என்று இன்றைக்கும் சொல்வாள். கல்யாணமான புதிதில், தூக்கத்தில் அவர் போட்ட அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் கம்போடு ஓடிவந்ததும் அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வட தேசத்துப் பழைய சாமிக் கதைகளை வைத்து எடுத்த படம் ஒன்று வந்தது. சுத்தியலோடு திரியும் இடி தேவன்தான் ஹீரோ. வசனத்துக்குக் குரல் கொடுத்தவர் ஒரு பெரிய நடிகர். கர்ஜனை முழுக்க அத்தான். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. என் அக்கா மகள் பள்ளிக்கூடத்தில் போய், "இடி தேவன் எங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். அதில் எந்த வரி உங்கப்பா பேசினது என்று தோழிகள் கேட்டிருக்கிறார்கள். அவள் வந்து அப்பாவைக் கேட்டாள்.

"பாலம் உடையும்போது 'ஆ'ன்னு ஒரு சத்தம் வரும்ல, அது" என்றார் அத்தான், கிசுகிசுப்பாக.

"அது பேச்சாப்பா?"

அவள் மனசில் கள்ளமில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி அத்தானுக்குள் முள்ளாக இறங்கிவிட்டது. அன்றிலிருந்து ஸ்டுடியோவுக்கு எந்தப் படம் வந்தாலும், "ஒரு வரி இருந்தா சொல்லுங்க" என்று இன்சார்ஜிடம் போய் நிற்பார். காவலாளி, கடைக்காரன், வழி கேட்கிறவன், எதுவானாலும் சரி. மகள் காதில் விழுகிற மாதிரி, வார்த்தையாக ஒரு வரி. இன்சார்ஜ் தோளில் தட்டி, "உங்களை மாதிரி யார் சார் சாவாங்க" என்று அனுப்பிவிடுவார். பாராட்டு என்ற பெயரில் ஒருவனை இருந்த இடத்திலேயே ஆணியடித்து வைக்கிற வித்தையை இன்சார்ஜ்களுக்குத் தனியாகச் சொல்லித் தருகிறார்கள் போலிருக்கிறது.

அப்புறம் இரண்டாம் பாகம் வந்தது.

போட்டுப் பார்த்த அன்று எங்களுக்கு வாயடைத்துப்போயிற்று. இடி தேவனுக்கும்தான். படம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே குள்ளர்கள் கூடி அவன் வாயைத் தோல் நூலால் தைத்துவிடுகிறார்கள். பழைய கதையில் அந்தத் தண்டனை தந்திரக்காரத் தேவனுக்குத்தான் என்று வசனம் எழுதுகிறவர் சொன்னார். படம் எடுத்தவர்கள் தூக்கி ஹீரோ தலையில் வைத்துவிட்டார்கள். அவன் ஓநாயோடு கட்டிப்புரள்வது, பனியில் இழுபடுவது, செத்த நண்பனுக்காக அழுவது, எல்லாமே மூடிய வாயோடு. படம் பூராவும் முனகல். கடைசியில் வானவில் பாலத்தைத் தாண்டி, ஒற்றைக்கண் அப்பாவின் கோட்டை வாசலுக்கு வந்து, தையலைப் பிய்த்தெறிந்துவிட்டு ஒரு வரி பேசுகிறான்.

வசனம் எழுதுகிறவர் முதலில், "தந்தையே, வாயிலைத் திறவுங்கள், உங்கள் மைந்தன் மீண்டு வந்துள்ளேன்" என்று எழுதினார். அந்த வாயசைப்பில் அது பாதிகூட அடங்கவில்லை. வெட்டி வெட்டிக் கடைசியில் நின்றது இதுதான்: "கதவைத் திறங்க. நான்தான் வந்திருக்கேன்."

ஒரு வரிக்காக வெளியூர்ப் படப்பிடிப்பை விட்டுவிட்டு வரமுடியாது என்று பெரிய நடிகர் சொல்லிவிட்டார். ஆனால் போஸ்டரில் அவர் பெயர் ஏற்கெனவே அடித்தாயிற்று. இன்சார்ஜ் தலையைச் சொறிந்தார், கண்ணாடி வழியாக அத்தானைப் பார்த்தார். "எப்படியும் மீதி எல்லாம் இவர்தானே. இதையும் இவரே பேசட்டும்" என்றார். ஒருவன் வாயைத் தைத்ததால் இன்னொருவனுக்கு வாய் கிடைத்தது.

முனகல்களை அத்தான் தூசுமாதிரி ஊதித் தள்ளினார். வரி வந்ததும் சிக்கல். கத்துகிறவர்கள் வாயைத் திறக்குமுன் மைக்கை விட்டு ஓரடி பின்னால் போவார்கள், இல்லாவிட்டால் மைக் தாங்காது. பேசுகிறவர்கள் கிட்டே நிற்கவேண்டும். இத்தனை வருஷப் பழக்கம் அத்தானை விடவில்லை. வாயைத் திறப்பார், கால் தானாகப் பின்னால் போய்விடும். பதிவில் கேட்டால் இடி தேவன் அடுத்த தெருவில் நின்று பேசுவதுபோல் இருக்கும்.

"அத்தான், முன்னால வாங்க."

வருவார். வாயைத் திறப்பார். மறுபடியும் பின்னால்.

"பேசும்போது முன்னால வரணும் அத்தான். இது கத்தல் இல்லை."

"தெரியுதுடா. காலுக்குத் தெரியலை" என்றார் பாவம்போல.

கடைசியில் என் பையை எடுத்துப் போய் அவர் குதிகாலுக்குப் பின்னால் வைத்தேன். கால் பின்னால் போனது, பையில் இடித்தது, நின்றது. அவர் பேசினார்.

டீ குடித்துக்கொண்டிருந்த இன்சார்ஜ் கப்பைக் கீழே வைத்துவிட்டார். சந்தனமாய் ஒரு குரல், அடிவயிற்றிலிருந்து, அவசரமே இல்லாமல். இத்தனை வருஷம் அந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கியிருக்கிறேன், அந்தக் குரலை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். வெட்கமாக இருந்தது.

"வீட்டுல சொல்லாதே. தியேட்டர்ல அவளே கண்டுபிடிக்கட்டும்" என்றார் அத்தான்.

படம் வந்த வாரம் பகல் காட்சிக்கு நால்வரும் போனோம். படம் முழுக்க அக்காவும் மகளும் அடித்த லூட்டி சொல்லி முடியாது. ஹீரோவை ஓநாய் கடித்ததும், "இது உங்களுக்குப் பல்வலி வந்தப்போ போட்ட சத்தம்தானே" என்றாள் அக்கா. பனியில் விழுந்ததும், "மேசைக் கால்ல இடிச்சுக்கிட்டது!" என்றாள் மகள். ஒன்றைக்கூட விடவில்லை, எல்லாவற்றிலும் அப்பாவைக் கண்டுபிடித்தார்கள். அத்தான் இருட்டில் சிரித்துக்கொண்டே இருந்தார்.

கோட்டை வாசல் வந்தது. அத்தான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். தேவன் தையலைப் பிய்த்தான். "கதவைத் திறங்க. நான்தான் வந்திருக்கேன்."

தியேட்டரே கைதட்டியது. மகள் துள்ளி எழுந்து தட்டினாள். அத்தான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் உட்கார்ந்து, அப்பாவின் பக்கம் சாய்ந்து சொன்னாள்:

"என்ன இருந்தாலும் அந்த நடிகர் நடிகர்தான்ப்பா. ஒரே வரியில தூக்கிட்டார்."

"பின்னே? குரல்னா அது குரல்" என்றாள் அக்கா.

நான் வாயைத் திறந்தேன். அத்தான் என் முழங்காலை அழுத்தினார். "ம்" என்றார் மகளிடம்.

திரும்பும் வழியெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் பேரில் தப்பில்லை. அந்தக் குரலை அவர் வீட்டில் என்றைக்காவது காட்டியிருந்தால்தானே? ஊருக்கெல்லாம் கத்திக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு மிச்சத்தைக் கொண்டுவருகிற மனிதரை எப்படி அடையாளம் தெரியும்? ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

அக்காவையும் மகளையும் வாசலில் இறக்கிவிட்டுக் காரை நிறுத்தி, நாங்கள் இருவரும் மாடியேறினோம். கதவு சாத்தியிருந்தது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு. மணி ரொம்ப நாளாக வேலை செய்வதில்லை. அத்தான் வழக்கம்போலத் தட்டக் கையைத் தூக்கினார். என்ன நினைத்தாரோ, கையை இறக்கிவிட்டு, அந்தக் குரலில் சொன்னார்:

"கதவைத் திறங்க. நான்தான் வந்திருக்கேன்."

உள்ளே டிவி சத்தம் நின்றது.

"யாருங்க நீங்க? எங்கப்பா கீழே காரை நிறுத்தப் போயிருக்கார்" என்றாள் மகள், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

அத்தான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். பிறகு நெற்றியைக் கதவில் சாய்த்து, "ம்ம்ம்" என்று முனகினார்.

கதவு உடனே திறந்தது. "அப்பாவா? சாவி இல்லையா?" என்றவள் என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்களா அப்படிப் பேசினது? செமையா இருந்துச்சு."

இதற்குமேல் பொறுக்க நான் சாமியார் இல்லை. "உங்கப்பாதாண்டி. இங்கேயும் அவர்தான், படத்துலயும் அவர்தான். அந்த நடிகர் ஸ்டுடியோ பக்கமே வரலை."

"போங்க மாமா" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஏதோ தப்புச் செய்துவிட்டவர்போலச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, இன்னொரு தடவை சொல்லுங்க."

அவர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். கால் ஓரடி பின்னால் போயிற்று.

"முன்னால அத்தான்" என்றேன்.

முன்னால் வந்தார், வாசற்படியைத் தாண்டி, மகளுக்கு நேரெதிரே. சொன்னார்.

சமையலறையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "யாருடி அது வாசல்ல? அந்த நடிகர் குரல் மாதிரியே இருக்கு?"

மகள் அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இல்லம்மா" என்றாள். "அப்பா."