பீச் காலனியின் மெயின் ரோடு

போன வாரம் மதுரையிலிருந்து ஒரு நண்பர் வந்தார். பஸ்ஸில் கண்டக்டர், "பீச் காலனி எல்லாம் எறங்கு" என்றதும் மனிதர் மிரண்டுவிட்டாராம். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் கேள்வி... "கடல் எங்கேய்யா?"

கடலுக்கு நாங்கள் எங்கே போக? ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில் எங்களுக்கு இருப்பது ஒரு கண்மாய். எண்பதுகளின் தொடக்கத்தில் அதன் கரையடியில் பிளாட் போட்டார்கள். மில் ஆபீஸ்காரர்கள், வாத்தியார்கள், கோர்ட் குமாஸ்தாக்கள் — லோன் போட்டு வீடு கட்டினோம். சாயங்காலம் கரையில் உட்கார்ந்தால் மலைக்காற்று அள்ளிக்கொண்டு போகும். யாரோ 'பீச்' என்றார்கள். கண்டக்டர்கள் அதையே நிரந்தரமாக்கிவிட்டார்கள். தண்ணீர் இருந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள். முழங்கால் அளவு கிடந்தால் அது நல்ல வருஷம்.

காலனி அப்படியொரு அமைதி. சத்தம் என்றால் ராஜு சார் வீட்டு நாய் குரைப்பதுதான். பக்கத்து வீட்டு குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்பது தெரியும். அந்த வீட்டுக்காரர் பெயர் தெரியாது. எதிர்க்கரையில் ஒரு கிராமம். அவர்கள் மாடு குளிப்பாட்டுவதை நாங்கள் பார்ப்போம், நாங்கள் வாக்கிங் போவதை அவர்கள் பார்ப்பார்கள். உறவு அத்தோடு சரி.

எங்கள் பெருமை மெயின் ரோடு. மற்ற தெருக்களில் ஒரு கார் திரும்பவே திணறும். இதில் இரண்டு லாரி தாராளமாகப் போகலாம். அவ்வளவு அகலம் எப்படி வந்தது? யாரும் யோசிக்கவில்லை. பெயர்ப்பலகை மட்டும் வைத்தோம்.

அந்த ரோட்டில்தான் முந்தின வருஷம் ஐப்பசியில் கிருபை டீச்சர் மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார். கணவர் இறந்தபின் ஒற்றை ஆளாக வளர்த்த பெண். காலையில் ராஜபாளையம் சர்ச்சில் கல்யாணம், மதியம் பந்தலில் பிரியாணி. மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டாரோ சாப்பாட்டில் குற்றம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரர்கள். பந்தி சொதப்பினால் பெண் ஆயுசுக்கும் பேச்சு வாங்க வேண்டும். டீச்சருக்கு அந்தப் பயம் ஒன்றுதான்.

முதல் நாள் சாயங்காலம் எதிர்க்கரை மாடசாமி புல்லட்டில் வந்து இறங்கினார். கண்மாய்ப் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர். பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"டீச்சரம்மா, இதப் பிரிச்சிருங்க. மலையில பெஞ்ச மழை அம்புட்டும் இங்கதான் வந்து சேருது. நாளைக்குக் கண்மாய் நெறைஞ்சு மிச்சத் தண்ணி மறுகால் பாஞ்சிரும்."

"பாயட்டுமே. பந்தலுக்கு என்ன?"

"மறுகால் தண்ணி போற ஓடைக்குள்ளதான பந்தல் போட்டிருக்கீக."

கோர்ட்டில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆன ரெங்கநாதன் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "பிளான்ல ரோடுன்னு தெளிவா போட்டிருக்குய்யா."

"அப்ப தண்ணி வரும்போது பிளானக் காட்டி நிறுத்துங்க, சார்" என்றார் மாடசாமி.

டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் மாடசாமியின் குரல் இறங்கியது. "கண்மாய் பெருகினா அன்னிக்கு எங்கூர்ல எந்த வீட்லயும் அடுப்புப் பத்தவைக்க மாட்டோம். களத்துல கெடா வெட்டி ஊருக்கே ஒரே பந்தி. களம் நல்ல மேடு. உங்க அண்டாவையும் அங்கன ஏத்திருவோம்."

முன்பின் பேசியிராத ஆள். நம்புவதா? டீச்சர் பந்தல்காரர்களைக் கூப்பிட்டார். "பிரிங்க" என்றார். கண்ணில் நீர் நின்றது. அண்டா, அரிசி மூட்டை, விறகு எல்லாம் கிராமத்து டிராக்டரில் ஏறின.

விடிந்ததும் சுள்ளென்று வெயில். ரோட்டில் ஒரு சொட்டு இல்லை. ரெங்கநாதன் சார் எல்லார் முகத்தையும் ஒரு மாதிரி பார்த்தார். டீச்சர் பாவம், சர்ச்சில் ஜெபத்தில் இருந்தாரா கவலையில் இருந்தாரா, கர்த்தருக்கே வெளிச்சம்.

நாங்கள் சர்ச்சிலிருந்து வேன்களில் திரும்பும்போது மெயின் ரோட்டில் இடுப்பளவு தண்ணீர். பெயர்ப்பலகை பாதிக்கு மேல் முழுகியிருந்தது. ரெங்கநாதன் சார் வேன் ஜன்னலை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

வேன்கள் சுற்றிக்கொண்டு களத்துக்குப் போயின. காலனி, கிராமம், மாப்பிள்ளை வீடு — பனையோலைப் பந்தலடியில் ஒரே வரிசை. பிரியாணியோடு கிராமத்துக் கெடாக் குழம்பும் இலைக்கு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்ல வாயைத் திறக்கவில்லை. வாய் காலியாக இருந்தால்தானே? ரெங்கநாதன் சார் மட்டும் தயிர்சாதம். எத்தனையோ வருஷமாகப் பக்கத்து வீட்டில் இருந்தவரின் பெயரை நான் அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

டீச்சர் தானே பரிமாறிக்கொண்டு மாடசாமி இலைக்கு வந்தார்.

"ஒங்க ஊர்ல ஒருத்தருக்குக் கூடப் பத்திரிகை வைக்கலையே, அண்ணாச்சி. மன்னிச்சிருங்க."

மாடசாமி நிமிர்ந்து பார்க்கவில்லை. "நீங்க ஓடைக்குள்ள போர்டு நட்டயிலயும் நாங்க கரையில நின்னு பாத்துட்டுத்தான் இருந்தோம், டீச்சரம்மா. நாங்களும் வந்து சொல்லலியே."

டீச்சர் சட்டென்று அழுதுவிட்டார். "இனி எதுன்னாலும் சொல்லிருங்க."

"சொல்லுதேன்" என்றார் அவர். "மொதல்ல, பிரியாணியில உப்பு பத்தாது."