கடல்நாயின் கோத்திரம்

அழுகிய மீனும் நனைந்த கம்பளியும் கலந்தது போன்ற ஒரு வாடை, வெதுவெதுப்பான மூச்சாக முகத்தில் வந்து அடித்தது. மீன் வாசனையே படாத ஸ்ரீரங்கத்து வீட்டில் வளர்ந்த எனக்குக் குமட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் இன்னும் ஓரடி முன்னால் போனேன். இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்கு முந்தைய வருஷம், திருச்சியில் கூடாரம் போட்டிருந்த வெளிநாட்டு சர்க்கஸுக்கு எங்கள் "ஃபோர்த் பாரம்", அதாவது ஒன்பதாம் வகுப்புப் பெண்களை அழைத்துப் போயிருந்தார்கள். தொட்டியில் இருந்த கடல்நாயைக் காட்டி, "பாத்துக்கோங்க, இது மீன் வகை" என்றார் டீச்சர்.

மீனாவது மண்ணாவது! பொன்மலை ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்த அப்பா, அங்கே ஊழியர் நூலகத்தில் கழித்துப்போட்ட விலங்கியல் புத்தகம் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அகராதியை வைத்துக்கொண்டு அதை முழுக்கப் படித்தவள் நான். ஊன் தின்னும் விலங்குகளை அது இரண்டாகப் பிரித்திருந்தது. நாய், பூனை, கரடி என்று தரையில் நடப்பவை ஒரு பிரிவு. கால்கள் துடுப்பாகிக் கடலில் வாழ்பவை இன்னொரு பிரிவு. அந்தத் துடுப்புக்காலிகளிலும் வெளிக்காது உள்ளவை, இல்லாதவை, நீண்ட தந்தமுள்ள வால்ரஸ் என்று மூன்று குடும்பங்கள். என் எதிரே இருந்ததற்குச் சுண்டுவிரல் நுனியளவு காது இருந்தது. பின் துடுப்புகளை முன்பக்கம் மடித்து, மேடைமேல் நடந்தே ஏறியது. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"மீனில்லை டீச்சர். காது இருக்கு, குட்டி போட்டுப் பால் குடுக்கும். நாய், கரடியோட இது ஒரே கோத்திரம். கொள்ளிடத்து நீர்நாயை யாராவது மீன்னு சொல்வாளா?" என்று கத்தியே சொன்னேன்.

பெண்கள் சிரித்துவிட்டார்கள். "மிருகத்துக்குக் கோத்திரமா? என்ன திமிர் உனக்கு" என்றார் டீச்சர். மீன்தான் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கடிதம் கொண்டுவராவிட்டால் பள்ளிக்கூடம் வரவேண்டாம் என்று மறுநாள் தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

எங்கள் வீதியில் அந்த வகுப்பு வரை எட்டிய முதல் பெண் நான். "பொம்மனாட்டிக்கு என்ன படிப்பு" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்த அத்தைக்கு உள்ளூர சந்தோஷம். என்னை எப்படியாவது படிக்கவைக்க ஆசைப்பட்ட அம்மாதான் கெஞ்சினாள்: "அது மீனா இருந்தா உனக்கென்னடி, நாயா இருந்தா உனக்கென்ன? எழுதிக் குடுத்துட்டுப் போயேன். புடிச்ச முயலுக்கு மூணே காலுன்னு நிக்காதே."

"இதுக்கு நாலு காலும் இருக்கும்மா" என்றேன். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கடிதம் எழுதத்தான் செய்தேன், இரண்டே வரி. "குரலை உயர்த்திப் பேசியதற்கு மன்னிக்கவும். கடல்நாய் மீன் அல்ல." தலைமையாசிரியை இரண்டாவது வரியை அடிக்கச் சொல்லிப் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. அன்றோடு என் படிப்பு நின்றது. மாசக்கணக்கில் அழுதேன், அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் அந்த வரியை எழுதியதற்காக ஒரு நாளும் அழவில்லை.

இன்று கூடாரம் போட்ட மைதானம் இல்லை, முழுக்கக் கடைகள். டீச்சர் இல்லை, அம்மா இல்லை, அத்தையும் இல்லை. அப்பாவின் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டது. அந்தப் புத்தகம் போட்டிருந்த தனிப் பிரிவும்கூட இப்போது இல்லையாம். துடுப்புக்காலிகளை ஒதுக்கி வைக்காமல் நாய், கரடி, நீர்நாய் இருக்கும் கிளையிலேயே சேர்த்துவிட்டதாகக் காலேஜில் விலங்கியல் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண் பாடப்புத்தகத்தைத் திறந்து காட்டினாள். ஒரே கோத்திரம் என்று நான் சொன்னது இதைத்தான். ஆகவே அந்தக் கடிதத்தில் ஒரு திருத்தம் செய்கிறேன். இரண்டாவது வரி அப்படியே இருக்கட்டும். முதல் வரியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.